படகின் மூக்கில் ஓர் ஆள்

"எங்கப்பாவ மூக்குலேர்ந்து எறக்கிட்டு ஓட்டிக் காட்டுங்க."

படகுத்துறையில் வைத்து, படகு வாங்க வந்த பல் டாக்டரின் முன்னால், முதலாளியிடம் நான் இதைக் கேட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாயில் எடுக்காதே என்று முதலாளி சொல்லியிருந்தார். அம்மாவும் சொல்லியிருந்தாள். அப்பா சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார். பெற்ற அப்பன் பெண்ணைப் பார்த்துக் கும்பிடுவதை விட அசிங்கம் ஒன்று உண்டா? அப்படியும் கேட்டேன்.

மூக்கு என்றால் படகின் முன்நுனி. எங்கள் பட்டறையில் ஃபைபர் வேகப்படகுகள் செய்கிறார்கள். படகின் பின்பக்கம் கனத்துப் போனால், வேகம் பிடித்ததும் மூக்கு தூக்கும், விழும், மறுபடி தூக்கும். தவளை போவது போலப் போகும். பட்டறையில் அதற்குத் தவ்வல் என்று பெயர். தவ்வுகிற படகை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான். அதனால் ட்ரயல் ஓட்டம் நடக்கும் நாளில், மூக்கில் இருக்கும் நங்கூரச் சங்கிலிப் பெட்டியின் மேல் ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். ஓர் ஆள் எடை என்ன பெரிய எடை என்று தோன்றும். ஏறி இறங்கும் பலகையின் கடைசி நுனியில் உட்காரும் சின்னப் பிள்ளை, நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரியவரையே தூக்கிவிடும் இல்லையா, அதே கணக்குதான். நுனியில் ஆள் இருந்தால் மூக்கு அடங்கும். வாங்க வருகிறவர் கேட்டால், "சங்கிலியப் பாத்துக்க ஆள்" என்பார்கள். சங்கிலிக்கு எதற்கு ஆள், அது என்ன எழுந்து ஓடிவிடுமா என்று இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

இருபத்திரண்டு வருடமாக அந்த ஆள் என் அப்பா; மற்ற நாட்களில் படகு வார்க்கும் அச்சில் ஃபைபர் துணி ஒட்டுவது அவர் வேலை. பட்டறையில் அவருக்கு நங்கூரம் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதே பட்டறையில் எஞ்சினியராகச் சேர்ந்து, மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் எனக்கென்று வந்த பிறகும் நான் 'நங்கூரத்தோட பொண்ணு'தான்.

எட்டு மாதம் முன்னால் ஒரு ட்ரயலில் படகு அலைமேல் ஏறி, அலை இல்லாத இடத்தில் இறங்கியது. உள்ளே இருந்தவர்களுக்குப் பஞ்சு இருக்கை. அப்பாவுக்குப் பெட்டி மூடி. பதினோரு நாள் பலகைபோலப் படுத்திருந்தார். ஒன்றுக்குப் போக அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். எலும்பு டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி, முதுகெலும்புக்கு நடுவில் எது பிதுங்கி எந்த நரம்பை நசுக்குகிறது என்று காட்டினார். "இன்னொரு அடி இதே மாதிரி விழுந்தா கால் ரெண்டும் வராது. குலுங்குற வண்டி எதுலயும் ஏறாதீங்க" என்றார்.

"வண்டி இல்லீங்க, போட்டு" என்றார் அப்பா.

டாக்டர் சிரிக்கவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு வந்த முதல் பெரிய ஆர்டர் இந்தப் பல் டாக்டருடையது. இருபத்தெட்டு அடி. வேகம் வேண்டும், பார்க்கிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் எது என்று முடிவாகவில்லை. படகின் முதுகில் வெளியே தொங்கும் அவுட்போர்டா, வயிற்றுக்குள் உட்காரும் இன்போர்டா? முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீதான் படிச்ச பொண்ணாச்சே, நீயே பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு" என்றார். சேர்ந்த ஒன்றரை வருடத்தில் என் மூளையை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை கேட்டதெல்லாம் கையெழுத்து. பதிவு அலுவலகத்தில் படகைப் பதிய, எடைச் சமநிலைத் தாளில் பட்டம் வாங்கிய ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாற்காலியும் மின்விசிறியும் அதற்குத்தான்.

நான் நேர்மையாகத்தான் எழுதினேன். அவுட்போர்டு மட்டம் என்று எழுதவில்லை. அது எடை குறைவு, குதிரைசக்தி அதிகம். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம், தரையை உடைக்க வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் தூக்கிக்கொள்ளலாம். உள்ளே இடம் மிச்சம், பெட்ரோல் வாடை வெளியே போய்விடும். அச்சே அவுட்போர்டுக்கென்று வரைந்ததாக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் இருபத்தெட்டு அடி அச்சு, இன்போர்டுக்காக யாரோ ஒரு புண்ணியவான் வரைந்தது. நடுவுக்குச் சற்றுப் பின்னால், தரையோடு தரையாக ஒரு எஞ்சின் உட்காரும் என்று நம்பி அவன் அடிப்பாகத்தை வளைத்திருக்கிறான். அந்த எடையை எடுத்துவிட்டு, இரண்டு அவுட்போர்டு, கிட்டத்தட்ட அறுநூறு கிலோ, பின்பலகைக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தப் படகு தவ்வாமல் என்ன செய்யும்? இன்போர்டு வைத்தால் மூக்கு தானாக அடங்கும். மூக்கில் ஆளே வேண்டாம். ரிப்போர்ட்டில் ஒன்பது பக்கம் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று, அப்பாவின் முதுகு.

முதலாளி கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார்.

"ஏம்மா, டாக்டர் எஞ்சினா வாங்குறார்? எஞ்சின் இருக்குன்னு நாலு பேர் பாக்கணும்னு வாங்குறார். உள்ள ஒளிச்சு வெச்சா எவன் பாப்பான்?"

"அப்ப பெட்ரோல் டாங்கையும் பேட்டரியையும் முன்னால நகர்த்தணும் சார். ஒன்றரை மீட்டர். டாங்க் பாதிக்குக் கீழ போனா வேகத்தக் கொறைக்கச் சொல்லி ஓட்டுறவர் முன்னாடி ஒரு பலகை வைக்கணும். இத செஞ்சா அவுட்போர்டே போட்டுக்கலாம்."

"செஞ்சுடுவோம்."

"ஆள் உக்கார வேண்டியதில்ல சார்."

"அதான் செஞ்சுடுவோம்னு சொல்றேன்ல. ஆள் பேச்சையே இனி எடுக்காத, வாங்குறவங்க காதுல விழும்."

டாங்க் வர வேண்டிய இடத்தைப் படகின் தரையில் சிவப்பு மையால் நானே கோடு போட்டேன். அடுத்த நாள், வேறு இரண்டு படகுகளின் பதிவுக் காகிதத்தை நகர்த்த என்னை வெளியூர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காகிதம் நகர்ந்ததோ இல்லையோ, இங்கே வேலை நகர்ந்துவிட்டது. இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே துறைக்கு வந்தால் படகு தண்ணீரில் நிற்கிறது. பளபளவென்று வெள்ளை, பின்னால் இரண்டு கறுப்பு எஞ்சின்கள். தரை மூடியிருந்தது. ஏறி, நான் கோடு போட்ட இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். வெறும் பானைச் சத்தம். பின்னால் போய்த் தட்டினேன். அங்கே கனமாகக் கேட்டது. டாங்க் இருந்த இடத்திலேயே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது, மடித்த சாக்கு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்பா மூக்குக்கு ஏறிக்கொண்டிருந்தார். முதுகு வலிக்காமல் இருக்கச் சாக்கு. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இடுப்பை வளைக்காமல், காலை மட்டும் அகட்டி ஏறினார். அப்போதுதான் அதைக் கேட்டேன்.

முதலாளி சிரித்தார். அவருக்குச் சிரிப்பு எப்போதும் தயாராக இருக்கும்.

"நம்ம எஞ்சினியரம்மா டாக்டர். அப்பா மேல கொள்ளைப் பாசம். வெயில்ல உக்காந்திருக்காரேன்னு மனசு கேக்கல."

"வெயிலப் பத்தி நான் பேசல சார். அவர் எறங்கினா போட்டு தவ்வும். டாக்டரும் பாக்கட்டும்."

பல் டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷன்தான், அதற்காக முட்டாள் இல்லை. என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு மூக்கைப் பார்த்து, "பெரியவரே, உங்க பொண்ணு சொல்றது நிஜமா?" என்று கேட்டார்.

அப்பா சாக்கை விரித்து உட்கார்ந்தாகிவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"இல்லீங்க. நான் சங்கிலி பாக்குற ஆளு. பொண்ணுக்குப் புஸ்தகத்துல படிச்சதுதான் தெரியும், தண்ணியப் பத்தித் தெரியாது. சின்னப் பொண்ணு, மனசுல வெச்சுக்காதீங்க."

"அப்பா, எறங்கு."

"நீ போய் ஆபீஸ்ல உக்காரும்மா."

"எறங்குப்பான்றேன்."

"எறங்க மாட்டேன். போ."

எல்லார் முன்னாலும். நாயை விரட்டுகிற குரலில். படகு ஓட்டுகிறவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி கை காட்ட, எஞ்சின்கள் இரண்டும் உறுமின. நல்ல சத்தம், பொய் சொல்லக் கூடாது.

நான் ஆபீசுக்குப் போகவில்லை. துறையின் முனையில் நின்று பார்த்தேன். படகு வளைந்து, நேராகி, வேகம் பிடித்தது. மூக்கு தூக்கத் தொடங்கும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. மூக்கு தூக்கவில்லை. அங்கே அப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனையும் மாடுபோலத் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சின்ன அலைக்கும் அவர் உடம்பு பெட்டிமேல் எழும்பி உட்கார்ந்தது. படகு தவ்வவில்லை. தவ்வலை எல்லாம் அவர் வாங்கிக்கொண்டார். நான் எண்ணத் தொடங்கினேன், நாற்பதோடு நிறுத்திவிட்டேன்.

திரும்பி வந்ததும் பல் டாக்டர் குழந்தை மாதிரி குதித்து இறங்கினார். "வழவழன்னு போகுது! ஒரு தூக்கல் இல்ல, ஒரு அடி இல்ல!" முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வையிலேயே ஒரு அறை. எல்லாரும் ஆபீஸ் பக்கம் நடந்தார்கள். அப்பா இறங்கவில்லை. சங்கிலிப் பெட்டியைத் திறந்து எதையோ சரிபார்க்கிறவர்போலக் குனிந்திருந்தார். எழுந்து நிற்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் பார்க்கிறேன் என்று அவருக்கும் தெரிந்தது. போய்த் தூக்கியிருக்கலாம். போகவில்லை. அவ்வளவு கோபம்.

கொஞ்ச நேரம் கழித்து என் அறைக்கு வந்தார், சுவரைப் பிடித்தபடி. கையில் எடைச் சமநிலைத் தாள். முதலாளி கெட்டிக்காரர், யாரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று தெரிந்தவர்.

"இதுல போடணுமாம். டாக்டர் பக்கத்து ரூம்ல வெயிட் பண்றார்."

"உக்காருப்பா."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. நீ போடு."

"டாங்க ஏன் நகர்த்தல? செய்றேன்னு என்கிட்ட சொன்னார்ல?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"அவர் நகர்த்தத்தான் சொன்னாரு. தரைய வெட்டக்கூட ஆள் வந்துட்டாங்க."

"பின்ன?"

"நான்தான் வேணாம்னேன்."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு வாரம் வேலை இழுக்கும், எதுக்கு மொதலாளி தரைய ஒடைக்கணும், நான் உக்காந்துக்கிறேன்னு சொன்னேன். முதுகு சரியாப் போச்சுன்னு சொன்னேன்."

"சரியாப் போச்சா? செவுத்தப் புடிச்சிட்டு நிக்கிற!"

"கத்தாத. கேளு. என் கை நடுங்குது, தெரியுமா உனக்கு? ஃபைபர் துணி படிய மாட்டேங்குது. உருளைய வெச்சு எவ்வளவு தேய்ச்சாலும் குமிழி நிக்குது. நாலு மாசமா நான் போடுற லேயர எல்லாம் எனக்குத் தெரியாம சொரண்டிட்டு வேற ஆள் மறுபடி போடுறான். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறானுங்க. அந்தப் பட்டறைல இப்ப எனக்கு மிச்சம் இருக்குறது மூக்கு மட்டும்தான். நங்கூரம் இல்லாம ட்ரயல் கெடையாதுன்னு இன்னிக்கும் சொல்றாங்க. நீ ஒம்பது பக்கத்துக்குக் கணக்குப் போட்டு, அதுல என்னைக் கழிச்சுட்ட."

"உன் கால் போயிடும்னு எலும்பு டாக்டர் சொன்னார்ப்பா."

"கால் போனா வீட்ல உக்காருவேன். வேலை போனாலும் வீட்லதான் உக்காருவேன். கால் போயி உக்காந்தாலாவது ஊர் ஒரு நியாயம் சொல்லும்."

நான்கு வருடம் படித்தேன். அலைக்கு, எடைக்கு, காற்றுக்கு எல்லாம் சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். நான் காப்பாற்ற நினைத்த முதுகு, என் கணக்கையே காலால் எட்டி உதைக்கும் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. என்னைப் படிக்க வைத்தது எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். மூக்கில் உட்கார்ந்து படிக்க வைத்தவரிடம் அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கோபம் மட்டும் இருந்தது. அது அவர்மேலா, முதலாளிமேலா, எஞ்சினைத் தொங்கவிட்டு அழகு பார்க்கிற டாக்டர்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"குடு" என்றேன்.

தாளில் படகில் இருப்பவை எல்லாம் வரிசையாக அச்சாகியிருந்தன. அவுட்போர்டு எஞ்சின் இரண்டு. பெட்ரோல் டாங்க் ஒன்று. பேட்டரி மூன்று. நங்கூரமும் சங்கிலியும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எடை, படகில் அது இருக்கும் இடம். கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தது. அதில் எழுதினேன்:

ஆள் ஒருவர். எழுபத்தெட்டு கிலோ. இடம்: மூக்கு. வேகமாக ஓடும்போதெல்லாம் இவர் அங்கே இருக்க வேண்டும்.

கீழே கையெழுத்துப் போட்டு, முழுப்பெயரும் பட்டமும் எழுதினேன். இதைப் போட்ட பிறகு அந்த நாற்காலியில் நாளைக்கு நான் உட்கார முடியாது என்று தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

அப்பா தாளைத் திருப்பிப் பிடித்து, எழுத்துக் கூட்டி, வாய் அசைய மெதுவாகப் படித்தார்.

"ஆளுன்னா... நான்தான?"

"நீதான்."

"எழுபத்தஞ்சுதான் இப்ப. படுத்துக் கெடந்ததுல கொறஞ்சுட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். முதலாளி கையை நீட்டினார். நான் பல் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன சார் இது, படகோட சேர்த்து ஆளும் வருவாரா?"

முதலாளி எழுந்து தாளை எட்டிப் பார்த்தார். முகம் ஒரு கணம் செத்தது. பிறகு அந்தத் தயார்ச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டா அனுப்பி வெச்சுடுவோம் டாக்டர். என்னய்யா நங்கூரம், போறியா?"

"போறேங்க" என்று அப்பாவும் சிரித்தார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவர் பல் டாக்டர். தாளை மறுபடி பார்த்தார். கதவோரம், சுவரில் சாய்ந்து நின்றிருந்த அப்பாவை, நிற்கிற விதத்தை, பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. இன்போர்டு வெச்சிருந்தா, இந்த ஆள் வேணுமா, வேண்டாமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். காலையில் எறங்க மாட்டேன் என்று விரட்டிய கண் இல்லை அது. முன்பு கும்பிட்டாரே, அந்தக் கண்.

"வேண்டாம்" என்றேன். "இவர் வேண்டவே வேண்டாம்."

டாக்டர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "ரெண்டே வாரம் குடுங்க டாக்டர், டாங்க நகர்த்திடுறேன், இன்போர்டே வேணும்னாலும்..." என்று முதலாளி அவர் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினார். வரும்போதே கொண்டுவந்த என் தோள்பை நாற்காலியில் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். வெளியே போக அந்தக் கதவு ஒன்றுதான், அதில் அப்பா நின்றிருந்தார். ஒதுங்கி வழிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருவாயா என்று கேட்பார் என்று ஒரு நொடி நின்றேன். கேட்கவில்லை. நான் அந்த அச்சுகளைத் தாண்டி, ரெசின் பசை வாடையைத் தாண்டி, கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.